நாடகத்தில் வரும் அந்தக் காலத்து அமெரிக்க வக்கீல் எப்படி இருக்க வேண்டும்?

கேள்வி: கல்லூரி விழாவுக்கு ஒரு நாடகம் எழுதுகிறேன். களம் 1840களின் இல்லினாய்ஸ். நாயகன் ஆபிரகாம் லிங்கனின் சாயலில் ஓர் இளம் வக்கீல். சட்டக் கல்லூரியில் படித்தவன், கறுப்பு அங்கி, நகரத்தில் பெரிய அலுவலகம், கையில் எப்போதும் கொலை வழக்கு. இடைவேளைக்குப் பிறகு அரசியலில் குதித்து சட்டமன்ற உறுப்பினர் ஆகிறான். இதெல்லாம் அந்தக் காலத்துக்குப் பொருந்துமா?

பதில்: முதலில் அந்த அங்கியைக் கழற்றிவிடுங்கள். அன்றைய இல்லினாய்சில் வக்கீலுக்கு அங்கியும் கிடையாது, பொய்முடியும் கிடையாது. கல்லூரியும் வேண்டாம். லிங்கன் புத்தகங்களை இரவல் வாங்கித் தானாகவே படித்தவர். நல்ல நடத்தை உள்ளவர் என்று 1836 மார்ச்சில் உள்ளூர் நீதிமன்றத்தில் ஒரு பதிவு, செப்டம்பரில் உரிமம், அடுத்த மார்ச்சில் வக்கீல்கள் பட்டியலில் பெயர். அவ்வளவுதான்.

அடுத்தது, இடைவேளை. வக்கீல் பிறகு அரசியல்வாதி ஆனார் என்று எழுதியிருக்கிறீர்கள். லிங்கன் விஷயத்தில் அது தலைகீழ். 1832 தேர்தலில் தோற்று, 1834இல் ஜெயித்து, 200 டாலர் கடன் வாங்கி, அதில் புது சூட்டும் தைத்துக்கொண்டு அப்போதைய மாநிலத் தலைநகரான வண்டேலியாவில் இருந்த சட்டமன்றத்துக்குப் போனார். வக்கீலுக்குப் படி என்று தூண்டியவரும் புத்தகம் கொடுத்தவரும் சக உறுப்பினரான ஜான் டாட் ஸ்டூவர்ட். பிறகு அவரிடமே கூட்டாளியாகச் சேர்ந்தார். அந்த ஊர்களில் வக்கீல் தொழிலும் அரசியலும் ஒரே பிழைப்பின் இரண்டு பக்கம். வாதாடப் போகிற ஊரெல்லாம் ஓட்டு கேட்கிற ஊர்.

பெரிய அலுவலகமா? 1837 ஏப்ரலில் லிங்கன் இரவல் குதிரையில் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வந்தபோது சொத்து என்று இருந்தவை சேணத்தில் தொங்கிய இரண்டு பைகள். ஜோஷுவா ஸ்பீடின் கடையில் படுக்கை விலை கேட்டார். 17 டாலர். கையில் இல்லை. மாடியில் என் கட்டில் பெரிதுதான், பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றார் ஸ்பீட். லிங்கன் மேலே போய்ப் பைகளை வைத்துவிட்டு இறங்கி வந்து, குடிவந்தாயிற்று என்றார். உங்கள் முதல் காட்சி இதுவாகவே இருக்கலாம்.

வருமானம் ஊர் சுற்றினால்தான். எட்டாவது நீதிச் சுற்று என்று பெயர். விரிந்திருந்த காலத்தில் அதில் 14 கவுண்டிகள், நம் மாவட்டம் மாதிரி. வசந்தத்தில் ஒரு சுற்று, இலையுதிர் காலத்தில் ஒரு சுற்று, ஒவ்வொன்றும் வாரக்கணக்கில். நீதிபதியும் வக்கீல்களும் கூட்டமாகக் கிளம்பி, சேற்றுப் பாதையில் ஊர் ஊராகப் போவார்கள். கோர்ட் கூடும் நாள் அந்த ஊருக்குத் திருவிழா மாதிரி. கட்சிக்காரர் அன்றுதான் வக்கீலைப் பார்ப்பார். மரத்தடியில் பேசி முடித்து உடனே உள்ளே போக வேண்டியதுதான். ராத்திரி சத்திரத்தில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். 1848இல் நீதிபதியாக வந்த டேவிட் டேவிஸின் எடை ஏறக்குறைய 300 பவுண்டு, அதனால் அவருக்கு மட்டும் தனிக் கட்டில்.

கொலை வழக்குகளைக் குறைத்துவிடுங்கள். பெரும்பாலானவை திரும்பி வராத கடன்கள். கட்டணம் 5 டாலர், 10 டாலர். ரயில்வே கம்பெனிகளின் பெரிய காசெல்லாம் 1850களில்தான். அப்போதும் ஒரு கம்பெனியிடம் 5,000 டாலர் கட்டணத்துக்கு லிங்கன் வழக்குப் போட வேண்டி வந்தது. தர வேண்டியதைத் தர மனம் வராத கட்சிக்காரர் எந்த நாட்டுக்கும் புதிதல்ல!

நாடகத்துக்கு உண்மையான முடிச்சு வேண்டுமா? 1837இல் சட்டமன்றத்தில் அடிமை ஒழிப்பு இயக்கத்தைக் கண்டித்து வந்த தீர்மானம் 77-6 என்று நிறைவேறியது. எதிர்த்த ஆறு பேரில் லிங்கனும் ஒருவர். அடிமைமுறை அநீதி என்று இன்னொரு உறுப்பினரோடு சேர்ந்து எழுத்திலும் பதிவு செய்தார். 1841இல் நான்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணை விற்றதற்கான கடன் பத்திரம் செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றத்தில் வாதாடி ஜெயித்தார். அதே மனிதர் 1847இல் கென்டக்கியைச் சேர்ந்த ராபர்ட் மேட்சன் என்ற அடிமை முதலாளிக்காக, ஜேன் பிரையன்ட் என்ற தாயையும் அவள் பிள்ளைகளையும் திரும்பக் கேட்டு வாதாடினார். தோற்றார், அவர்கள் விடுதலையானார்கள். தொழில் என்றால் யார் வந்தாலும் வழக்கு எடுப்பதுதான் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. உங்கள் நாயகனை அந்த நீதிமன்றத்தில் மேட்சன் பக்கம் நிறுத்திப் பாருங்கள், வசனம் தானாக வரும்.

சிரிப்புக்கு ஒரு காட்சி: 1840 டிசம்பரில், சட்டமன்றம் கூடத் தேவையான எண்ணிக்கை சேராமல் தடுக்க லிங்கனும் சிலரும் ஜன்னல் வழியாக வெளியே குதித்தார்கள். குதிப்பதற்குள் அவர்களையும் சேர்த்து எண்ணி முடித்தாகிவிட்டது.

அப்புறம், மேடைக்கு ஒரு உயரமான தொப்பி வாங்குங்கள். லிங்கன் கடிதங்களையும் வழக்குக் காகிதங்களையும் அதற்குள்தான் செருகி வைப்பார். அங்கிக்கு ஒதுக்கிய பணம் அதற்குப் போதும்.