காஸ்ஃபோர்த் சிலுவை: கேள்வி பதில்

இங்கிலாந்தின் வடமேற்கே கம்ப்ரியாவில் காஸ்ஃபோர்த் என்றொரு சின்ன ஊர். அங்கே புனித மேரி தேவாலயத்தின் கல்லறை முற்றத்தில், 10ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் செதுக்கிய சிலுவை ஒன்று ஆயிரம் வருஷமாக மழையிலும் காற்றிலும் நிற்கிறது. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

எவ்வளவு பெரியது? ஒரே கல்லா?

ஆமாம், ஒரே சிவப்பு மணற்கல், சுமார் 4.4 மீட்டர் உயரம். படத்தில் பார்த்தால் இவ்வளவு ஒல்லியாக இருக்கும் என்று தோன்றாது. அடிப்பகுதி மரம் போல உருண்டை, மேலே போகப் போக நான்கு பட்டையாக மாறும், உச்சியில் வளையம் சூழ்ந்த சிலுவைத் தலை. நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய) புராணத்தில் உலகைத் தாங்கும் இக்ட்ரசில் மரத்தை மனதில் வைத்துத்தான் அடியை உருண்டையாகச் செதுக்கினார்கள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை, ஏனென்றால் உருண்டை அடித்தண்டுள்ள சிலுவைகள் இங்கிலாந்தில் வேறு இடங்களிலும் உண்டு.

அண்ணா, தேவாலயத்துச் சிலுவையில் லோகி இருக்கிறார் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். லோகி நார்ஸ் புராணத்தில் வரும் சூழ்ச்சிக்காரன், கடைசியில் தெய்வங்கள் அவனைக் கட்டிப் போட்டுத் தண்டித்தார்கள். மேற்குப் பக்கத்தின் கீழே ஒருவன் கட்டுண்டு கிடக்கிறான், பக்கத்தில் ஒரு பெண் கிண்ணத்தை ஏந்தியிருக்கிறாள். இது அந்தத் தண்டனைக் காட்சிதான்: லோகியின் தலைக்கு மேல் பாம்பு விஷத்தைச் சொட்ட, மனைவி சிகின் அதைக் கிண்ணத்தில் பிடிக்கிறாள். நிறைந்த கிண்ணத்தைக் கொட்டப் போகும் நேரத்தில் விஷம் முகத்தில் விழுந்து அவன் துடிக்க, பூமி அதிர்கிறது. இந்தக் கதையை ஐஸ்லாந்தில் ஸ்நோரி என்ற எழுத்தாளர் எழுதி வைத்தது 1220 வாக்கில். கல் அதற்கு ஏறக்குறைய 300 வருஷம் முந்தியது! எழுத்தில் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்து குடியேறியவர்கள் வாயில் இந்தக் கதை இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இந்தச் சிலுவையில் நார்ஸ் கதைகள் இருப்பதை 1880களில் உள்ளூர் ஆர்வலர்கள் அடையாளம் காட்டினார்கள்.

அப்படியானால் செதுக்கியவர் கிறிஸ்தவரா, பழைய தெய்வங்களைக் கும்பிட்டவரா? இரண்டையும் குழப்பிவிட்டாரா?

குழப்பம் என்று சொல்லவே மாட்டேன். கிழக்குப் பக்கத்தைப் பாருங்கள். கீழே கை விரித்த கிறிஸ்து, அவருக்கும் கீழே ஈட்டியோடு ஒரு வீரன், எதிரே பின்னலும் நீண்ட உடையும் அணிந்த ஒரு பெண். அந்தப் பெண் அப்படியே ஸ்காண்டிநேவியப் பெண்தான், கையில் குடிகொம்புகூட இருக்கிறது. அதே பக்கத்தில் மேலே ஒருவன் ஒரு பிராணியின் தாடையில் காலை ஊன்றி வாயைப் பிளக்கிறான்: தெய்வங்களின் தலைவன் ஓடினை விழுங்கிய ஃபென்ரிர் ஓநாயைக் கொன்று தகப்பனுக்காகப் பழி தீர்க்கும் மகன் விதார். ரக்னரோக் என்ற கடைசிப் போரில் பழைய தெய்வங்களின் உலகம் அழிகிறது, பிறகு புது உலகம் பிறக்கிறது. சிலுவை மரணத்துக்குப் பின் உயிர்த்தெழுதல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், புதிதாக ஞானஸ்நானம் பெற்ற நார்ஸ் குடும்பத்துக்கு யாரும் விளக்கம் சொல்லாமலே புரிந்திருக்கும். தெரிந்த கதையைக் காட்டித் தெரியாத கதையைச் சொல்லும் வேலை இது, நன்றாக யோசித்துச் செய்த வேலை என்பது என் கருத்து.

இந்தக் கலவை இங்கே மட்டும்தானா?

இல்லை. ஐரிஷ் கடலில் உள்ள மேன் தீவில், ஆண்ட்ரியாஸ் தேவாலயத்தில் தோர்வால்டின் கல் இருக்கிறது: ஒரு பக்கம் ஓநாய் ஓடினைக் கடிக்கிறது, மறுபக்கம் சிலுவையும் புத்தகமும் ஏந்திய ஒருவர். மேன் தீவுக்கும் கம்ப்ரியாவுக்கும் இடையே அந்தக் காலத்தில் போக்குவரத்து அதிகம், நார்ஸ் மக்கள் பலர் அயர்லாந்து, மேன் தீவு வழியாகத்தான் கம்ப்ரியா கரைக்கு வந்தார்கள். காஸ்ஃபோர்த் சிலுவையின் சங்கிலிப் பின்னல் வேலைப்பாடும் மேன் தீவுக் கற்களில் வரும்.

நேரில் போகிறேன். எதைத் தவறவிடக் கூடாது?

முதலில் தேவாலயத்துக்கு உள்ளே போங்கள். இடித் தெய்வம் தோரும் ஹிமிர் என்ற அரக்கனும் படகில் இருந்து எருதுத் தலையைத் தூண்டிலில் மாட்டி உலகைச் சுற்றிக் கிடக்கும் பாம்பைப் பிடிக்கும் கல் அங்கே இருக்கிறது. கூடவே கூரை போட்ட வீடு மாதிரி வளைந்த முதுகுள்ள இரண்டு கல்லறைக் கற்கள், 1890களில் கட்டட வேலையின்போது அடித்தளத்தில் கிடைத்தவை. இந்த வகைக் கல்லறைகள் ஸ்காண்டிநேவியாவில் கிடையாது, பிரிட்டனுக்கு வந்த பிறகு பிறந்த வடிவம்.

அப்புறம் சிலுவைக்கு வாருங்கள். கல் தேய்ந்துவிட்டது, பாசியும் உண்டு, உச்சி வெயிலில் உருவங்கள் தெரியவே தெரியாது. கிழக்குப் பக்கத்துக்குக் காலை, மேற்குப் பக்கத்துக்கு மாலை, வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள். தொட வேண்டாம். அப்படியும் புரியவில்லை என்றால், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இதன் அச்சு வார்ப்பு இருக்கிறது, அங்கே நிதானமாகப் பார்க்கலாம்.