பர்ன்ஸ் சப்பர் விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள், போகலாமா?

தாராளமாகப் போங்கள். நான் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இருக்கிறேன். ஜனவரி கடைசி வந்துவிட்டால், கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் நினைவாக நடக்கும் இந்த விருந்துக்கு யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். ஹாகிஸ் என்ற ஆட்டிறைச்சிப் பண்டத்தைச் சாப்பிட்டே ஆகணுமா, பர்ன்ஸ் கவிதை புரியாமல் முழிக்கணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஹாகிஸைப் பற்றிக் கவலை வேண்டாம். கவிதை விஷயத்தில் உங்களுக்குத் துணை நிறைய உண்டு: பழைய ஸ்காட்ஸ் மொழி என்பதால் பக்கத்து நாற்காலி ஸ்காட்லாந்துக்காரருக்கும் பாதி புரியாது.

ராபர்ட் பர்ன்ஸ் 1759 ஜனவரி 25 அன்று ஏர்ஷயரில் அலோவே என்ற ஊரில் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தவர். 37 வயதிலேயே போய்விட்டார். 1801-ல் அவருடைய ஐந்தாம் நினைவு நாளன்று நண்பர்கள் சிலர் அவர் பிறந்த குடிசையில் கூடிச் சாப்பிட்டு, அவர் கவிதையைப் படித்தார்கள். அங்கே தொடங்கியதுதான் இது. பிறகு பிறந்தநாளுக்கு மாறியது. கலால் உத்தியோகம் பார்த்த ஒரு பாட்டுக்காரருக்கு இருநூறு வருஷத்துக்கும் மேலாக ஒரு நாடே இலை போட்டுக்கொண்டிருக்கிறது.

முதலில் ஒரு குட்டிப் பிரார்த்தனை, அப்புறம் சூப். அடுத்து வருவதுதான் கூத்து. பேக்பைப் (காற்றடைத்த பையோடு கூடிய ஊதுகுழல்) வாசிப்பவர் முன்னே வர, பெரிய தட்டில் ஹாகிஸை ஏந்திக்கொண்டு சமையல்காரர் பின்னே வருவார். எல்லோரும் எழுந்து நின்று தாளத்துக்குக் கை தட்ட வேண்டும். மூடிய கூடத்துக்குள் அந்தப் பைப் சத்தம் காதைப் பிளக்கும், தயாராக இருங்கள். ஹாகிஸ் மேசைக்கு வந்ததும் ஒருவர் அதன் எதிரே நின்று, 1786-ல் பர்ன்ஸ் அதைப் புகழ்ந்து எழுதிய கவிதையைக் கண்ணை உருட்டி, கையை ஆட்டிச் சொல்வார். கத்தி வரும் வரியில் கத்தியைச் சட்டைக் கையில் துடைப்பார். அடுத்த வரியில் ஒரே குத்து. தோல் கிழிந்து உள்ளே இருப்பது ஆவி பறக்கப் பிதுங்கி வரும். முன்வரிசையில் வெள்ளைச் சட்டையோடு உட்காராதீர்கள்.

ஹாகிஸ் என்பது ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு, மிளகு சேர்த்து, ஆட்டின் இரைப்பைக்குள் திணித்து வேகவைப்பது. இப்போது பெரும்பாலும் செயற்கை உறைதான். ஈரல் வறுவலும் குடல் குழம்பும் சாப்பிட்டு வளர்ந்தவர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். உதிரியாக, மிளகுக் காரத்தோடு நன்றாகவே இருக்கும். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு மசியலும் ஆரஞ்சு நிறக் கிழங்கு மசியலும் வரும். உப்பு போதாது, அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எடின்பரோவின் மெக்ஸ்வீன் கடைக்காரர்கள் 1984-லேயே பருப்பும் காய்கறியும் ஓட்ஸும் போட்டுச் சைவ ஹாகிஸ் செய்துவிட்டார்கள், அதுவும் ஸ்காட்டிஷ் கவிதை நூலகத் திறப்பு விழாவுக்காக. ஆனால் ஹாகிஸை மட்டும் விசாரித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். சூப் பெரும்பாலும் கோழி சூப். கடைசியில் வரும் க்ரனகன், அதாவது க்ரீம், ராஸ்ப்பெரி, ஓட்ஸ், தேன் கலந்த இனிப்பு, அதில் விஸ்கி இருக்கும்.

குடிக்காதவர் என்றால் ஜூஸ் கிளாஸைத் தூக்கினால் போதும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

சாப்பாடு முடிந்ததும் பேச்சுகள். பர்ன்ஸைப் பற்றிய நினைவுப் பேச்சு, பேச்சாளரைப் பொறுத்து, உருக வைக்கும் அல்லது தூங்க வைக்கும். அதன்பின் ஒரு ஆண் பெண்களைக் கிண்டலும் பாராட்டுமாகப் பேசுவார். ஒரு பெண் எழுந்து பதில் கொடுப்பார். நான் கேட்டவரையில் பதில்தான் எப்போதும் தூள். அலுவலக விருந்தில் மேலதிகாரிகள் வாங்கிக் கட்டிக்கொள்வதும் இங்கேதான்.

முடிவில் எல்லோரும் வட்டமாக நின்று 'ஆல்ட் லாங் சைன்' என்ற பழைய நட்பை நினைக்கும் பாட்டைப் பாடுவார்கள். அதை ஒழுங்காக வடித்துத் தந்ததும் பர்ன்ஸ்தான். ஆரம்பத்திலேயே கைகளைக் குறுக்காகப் போட்டுக்கொள்வது வெளியூர்க்காரர் வழக்கம். இங்கே கடைசிச் சரணத்தில்தான் குறுக்கே கோத்துக்கொள்வார்கள். சில இடங்களில் கேய்லி என்ற ஸ்காட்டிஷ் கூட்டு நடனமும் உண்டு. ஆட்டம் தெரியாவிட்டாலும் இழுத்துவிடுவார்கள், அதனால் குதிகால் உயர்ந்த செருப்பும் புது ஷூவும் வேண்டாம்.