ரங்கிடோடோ: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகளைப் பார்க்க நானும் மனைவியும் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்துக்கு வந்திருக்கிறோம். போன வாரம் ஒரு நாள் ரங்கிடோடோ தீவுக்குப் போய்வந்தோம். துறைமுகத்திலிருந்து படகில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எரிமலை என்றதும் எனக்குள் ஒரு எதிர்பார்ப்பு. புகை வராவிட்டாலும் மேலே ஏதாவது பிரமாண்டமாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் ஏறிப் போனால் ஒரு பெரிய பள்ளம், பள்ளம் நிறைய மரங்கள். எட்டிப் பார்த்தோம், போட்டோ எடுத்தோம், இறங்கினோம்.

மனைவி மட்டும் வழி நெடுக நின்று நின்று வந்தாள். கறுப்புக் கல் குவியலுக்கு நடுவில் ஒரு செடி தெரிந்தால் போதும், அங்கேயே நின்றுவிடுவாள். கடைசிப் படகு போய்விடுமே என்று நான் அவசரப்படுத்தினேன். திரும்பி வரும்போது இரண்டு பேருக்கும் கொஞ்சம் மனத்தாங்கல்தான். இன்னொரு முறை போகவேண்டும் என்கிறாள். பார்த்ததையே மறுபடி பார்க்க என்ன இருக்கிறது? நீங்களும் அங்கே நடந்தவர் என்பதால் கேட்கிறேன், நான் எதையாவது பார்க்காமல் விட்டேனா? அப்புறம் இன்னொன்று. மகள் வீட்டு ஜன்னலில் தினமும் அந்த மலை தெரிகிறது. அது மறுபடி வெடிக்குமா?

ர.

அன்புள்ள ர.,

விட்டுவிட்டீர்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் மனைவி நின்ற இடங்களில்தான் அந்தத் தீவின் விஷயமே இருக்கிறது.

ரங்கிடோடோவின் உச்சி 260 மீட்டர். அதை ஏறிவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. மேலே இருந்து தெரியும் கடலும் தீவுகளும் நகரமும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தீவை மற்ற இடங்களிலிருந்து வேறாக்குவது அதன் வயது. ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கடல் மட்டும்தான் இருந்தது. கடலுக்கு அடியிலிருந்து லாவா எனும் எரிமலைக் குழம்பு பொங்கி, ஐந்தரை கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவி, அடுக்கடுக்காக உறைந்ததுதான் நீங்கள் நடந்த தரை. ஆக்லாந்து வட்டாரத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட எரிமலைகள் உண்டு. அவற்றில் கடைசியாகப் பிறந்தது இது, அளவில் மிகப் பெரியதும் இதுதான். மற்ற எல்லாமே கக்கிய குழம்பைக் கூட்டினால் வருவதற்குக் கிட்டத்தட்ட ஈடாக இது ஒன்றே கக்கியிருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் அங்கே மண் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வி மனதில் விழுந்துவிட்டால் நீங்களும் நின்று நின்றுதான் நடப்பீர்கள்.

பதில், வரவே இல்லை என்பதுதான். பெரும்பாலான இடங்களில் இன்னும் மண் இல்லை. ஓடையும் இல்லை. பெய்கிற மழை முழுவதும் கல் இடுக்குகளில் இறங்கி மறைந்துவிடுகிறது. கோடையில் அந்தக் கறுப்புக் கல் கொதிக்கும். வெறுங்கையை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தாவரம் வாழ ஏற்ற எதுவும் அங்கே இல்லை. ஆனாலும் உலகத்திலேயே பெரிய பொஹுட்டுகாவா காடு இருப்பது அந்தத் தீவில்தான்.

பொஹுட்டுகாவா என்பது நியூசிலாந்துக்காரர்கள் டிசம்பர் மாதம் வந்தாலே தேடிப் பார்க்கும் செந்நிறப் பூ மரம். அதன் விதை தூசி மாதிரி மெல்லியது. காற்றில் பறந்து வந்து லாவா இடுக்கில் விழுந்தால் போதும், அங்கேயே பிடித்துக்கொள்ளும். வெறும் பாறையில் முதலில் பாசியும் லைக்கனும் படர்ந்து, அவை மக்கி மண்ணான பிறகு செடி, அதற்கும் பிறகு மரம் என்று வரிசையாக வரும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். இந்த மரம் அந்த வரிசையில் நிற்பதில்லை. நேராகக் கல்லில் முளைக்கிறது. வேர் இடுக்கு வழியாக ஈரத்தைத் தேடி இறங்குகிறது. மரம் கொஞ்சம் வளர்ந்ததும் அடியில் நிழல் விழுகிறது, உதிரும் இலை அங்கேயே சேர்ந்து மெல்ல மக்குகிறது. அந்தக் கையளவு இலைமக்கில் அடுத்த செடி வருகிறது. பறவைகள் போடும் விதைகளுக்கும் அங்கே இடம் கிடைக்கிறது. இப்படி ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஒரு பச்சைத் திட்டு. திட்டுகள் பெருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இடங்களில் காடு.

ஏறும் வழியில் சில இடங்களில் இரண்டு பக்கமும் வெறும் கற்குவியலாக இருந்ததையும், நடுவில் தனித்தனியாகப் பச்சைத் திட்டுகள் இருந்ததையும் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் மேலே போனதும் பாதையே நிழலுக்குள் போயிருக்கும். ஒரு காடு உருவாகும் அத்தனை கட்டங்களும் ஒரு மணி நேர நடையில் அடுத்தடுத்து வருகின்றன. உங்கள் மனைவி பார்த்துக்கொண்டு நின்றது இதைத்தான் என்று நினைக்கிறேன். அவரையும் எழுதச் சொல்லுங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.

இன்னும் இருக்கிறது. கரையோரத்தில் அலையாத்தி மரங்கள் சேற்றுக்குப் பதிலாக லாவாவின் மேலேயே நிற்கின்றன. மற்ற காடுகளில் பெரிய மரங்களின் கிளைகளில் தொற்றி வளரும் செடிகள் இங்கே தரையில் வளர்கின்றன. அவற்றுக்குத் தேவை பிடிப்பும் ஈரமும்தான். நிழலான இடங்களில் சிறுநீரக வடிவ இலைகளோடு ஒரு பெரணி உண்டு. வெயில் நாளில் சுருண்டு, செத்துப்போனது போலக் கிடக்கும். மழை பெய்ததும் விரிந்து, ஒளி ஊடுருவும் பச்சையாகிவிடும். நீங்கள் போனது வறண்ட வாரமாக இருந்தால் அதைக் காய்ந்த சருகு என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்பீர்கள்.

உச்சிப் பள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் மரங்கள் இருந்ததுதான் உங்களுக்கு ஏமாற்றம். எனக்கோ இத்தனைக்கும் பிறகு அங்கேயும் மரங்கள் இருப்பதுதான் வியப்பு.

அடுத்ததை நான் பெரிதாக நினைக்கிறேன். இந்த எரிமலை வெடித்ததை மனிதர்கள் பார்த்திருக்கிறார்கள். ரங்கிடோடோவை ஒட்டினாற்போல மோட்டுடாப்பு என்று இன்னொரு தீவு இருக்கிறது. இப்போது இரண்டையும் ஒரு கல்பாலம் இணைக்கிறது. மோட்டுடாப்பு பல கோடி ஆண்டுப் பழமையான பாறை, அதன் மேல் மண், புல்வெளி. எரிமலை சாம்பலைக் கொட்டியபோது அங்கே நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். சாம்பல் அடுக்குகளுக்கு இடையில் மனிதக் காலடித் தடங்களும் நாயின் காலடித் தடங்களும் பதிந்து அப்படியே கிடைத்திருக்கின்றன. அதாவது ஒரு முறை சாம்பல் விழுந்த பிறகு, அடுத்தது விழுவதற்கு முன்பு, யாரோ அதன் மேல் நடந்திருக்கிறார்கள், நாயும் கூடவே போயிருக்கிறது. ஓடிப்போன மக்கள் திரும்பி வந்தார்கள். சாம்பல் கலந்த மண்ணில் தோட்டம் போட்டார்கள். நங்காய் டாய் கி டாமாக்கி என்ற மாவோரிக் குடியினருக்கு இந்தத் தீவுகளோடு இன்றும் உறவு உண்டு. கல்லையும் செடியையும் பற்றிப் பேசும்போது இவர்களை விட்டுவிட்டுப் பேசினால் பாதிதான் பேசியதாகும்.

பிற்காலத்து ஆட்களின் தடமும் உண்டு. பிரிட்டிஷ் அரசு 1854இல் இந்தத் தீவை வெறும் 15 பவுண்டுக்கு வாங்கியது. தீவின் சாலைகளை 1920களிலும் 30களிலும் கைதிகளை வைத்துப் போட்டார்கள். அந்தக் கல்லைக் கையால் உடைத்துச் சமன்படுத்துவது என்ன வேலை என்று நடந்தவர்களுக்குப் புரியும். அதே காலத்தில் நகரத்துக் குடும்பங்கள் கரையோரம் சின்னச் சின்ன விடுமுறைக் குடில்கள் கட்டிக்கொண்டன. ‘பாச்’ என்று சொல்வார்கள். 1937இல் புதிதாகக் கட்டத் தடை வந்தது, பிறகு பலவற்றை இடித்தும் விட்டார்கள். மிச்சமிருக்கும் சிலதில் ஒன்றைப் படகுத்துறைக்குப் பக்கத்திலேயே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

படகில் ஏறும் முன் செருப்பைத் துடைத்து, பையையும் பார்க்கச் சொன்னார்கள் அல்லவா? அதைச் சடங்கு மாதிரி நினைக்க வேண்டாம். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட, சிறு கங்காரு போன்ற வாலபிகளும், மரமேறும் ‘பாசம்’ (possum) என்ற விலங்குகளும் இந்த மரங்களை மொட்டையடித்துக்கொண்டிருந்தன. 1990களில் அவற்றை ஒழித்த பிறகுதான் காடு மூச்சுவிட்டது. அதற்குப் பிறகு எலி, பூனை, கீரி போன்ற ஸ்டோட் எல்லாவற்றையும் அகற்றி, 2011இல் இரண்டு தீவுகளையும் அந்நிய விலங்குகள் இல்லாத இடமாக அறிவித்தார்கள். பையில் ஒளிந்து ஒரு சினை எலி போய்ச் சேர்ந்தாலே அத்தனை உழைப்பும் பாழ்.

வெடிக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த வட்டாரத்து எரிமலைகள் பொதுவாக ஒரு முறை வெடித்து அடங்குபவை. அடுத்தது வந்தால் பெரும்பாலும் வேறோர் இடத்தில், புதிதாக வரும். ஆகவே மகள் வீட்டு ஜன்னலில் தெரியும் அந்த மலையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. வட்டாரம் மொத்தமாகச் செத்துவிட்டது என்று மட்டும் சொல்ல முடியாது. பூமிக்கடியில் குழம்பு அசைந்தால் தெரியும்படி நிலநடுக்கமானிகளை வைத்து எந்நேரமும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, மறுபடி போவதைப் பற்றி. போங்கள். இந்த முறை மனைவியின் நடைக்கு நீங்கள் நடங்கள். உச்சிக்குப் போகாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. காலை முதல் படகில் போனால் கடைசிப் படகைப் பற்றிய கவலை உங்களைத் துரத்தாது. உங்கள் மனத்தாங்கலுக்குக் காரணம் அந்தக் கவலைதான் என்று எனக்குப் படுகிறது. தீவில் கடை கிடையாது, குடிதண்ணீரும் வாங்க முடியாது. ஆளுக்கு இரண்டு லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பி வேண்டும், அடிப்பாகம் கெட்டியான ஷூ வேண்டும். டார்ச்சும் மறக்க வேண்டாம். உச்சிப் பாதையிலிருந்து பிரிந்து கால் மணி நேரம் நடந்தால் லாவா குகைகள் வரும். குழம்பின் மேல்பரப்பு ஆறி இறுகிய பிறகும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது வடிந்துபோனதால் உண்டான குழாய்கள் அவை. உள்ளே இருட்டு, சில இடங்களில் குனிந்துதான் போகவேண்டும். முட்டிவலி இருந்தால் வாசலோடு நின்றுகொள்ளுங்கள். மழை பெய்து ஓய்ந்த மறுநாளாகப் பார்த்துப் போனால் அந்தப் பெரணியும் விரிந்திருக்கும்.