இருட்டுக் காலத்தில் ஒரு சர்ச்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். செப்டம்பரில் லண்டன் வந்து ஈஸ்ட் ஹாமில் அறை எடுத்திருக்கிறீர்கள். நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, சனி ஞாயிறு போர்வைக்குள்ளேயே போகிறது. ட்ரஃபால்கர் சதுக்கத்துச் சர்ச்சில் குளிர்காலம் முழுக்கக் கச்சேரியும் பேச்சும் நடக்கும் என்று ஆபீஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நான் கிறிஸ்தவன் இல்லை, அவர்கள் சங்கீதமும் எனக்குத் தெரியாது, போகலாமா அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போகலாம். வாசலில் டிக்கெட்டைத்தான் பார்ப்பார்கள், நீங்கள் என்ன சாமி கும்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நான் முதல் முறை போனபோது செருப்பை எங்கே விடுவது என்று படிக்கட்டில் நின்று தேடினேன். அந்தக் கவலையும் வேண்டாம், ஷூவோடு போகலாம்.

செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ் என்று பெயர். ஒரு காலத்தில் சுற்றிலும் வயலாக இருந்ததால் வந்த பெயர். இப்போது சுற்றிலும் பஸ். இன்றைய கட்டடம் ஜேம்ஸ் கிப்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து 1726இல் முடிந்தது. நெவில் மாரினர் என்ற வயலின் வித்வான் 1958இல் ஆரம்பித்து, 1959இல் இங்கே முதல் கச்சேரி செய்த சின்ன இசைக்குழுதான் பிறகு இந்தச் சர்ச்சின் பெயரை உலகமெல்லாம் இசைத்தட்டுகளில் கொண்டுபோனது. ஆக, பூசை நேரம் போக மீதி நேரத்தில் கச்சேரிக்கு இடம் விடுகிற கோயில் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நம் ஊர் சபா மாதிரி இதற்கென்றே ரசிகர் கூட்டம் உண்டு.

முதலில் எதைக் கேட்பது? விவால்டி என்ற இத்தாலியர் வயலினுக்கு எழுதிய 'நான்கு பருவங்கள்' அடிக்கடி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நடக்கும். வந்தவர்களில் பாதிப் பேர் சுற்றுலாப் பயணிகள்தான் என்று பழைய ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். புதிதாகக் கேட்பவருக்கு அதைவிட நல்ல வாசல் கிடையாது. அதில் கடைசியாக வரும் 'குளிர்காலம்' மூன்று பகுதி. முதலாவதில் குளிரில் பல் கிடுகிடுப்பதும் காலைத் தரையில் உதைத்துச் சூடேற்றுவதும் வயலினிலேயே கேட்கும். இரண்டாவதில் வெளியே மழை, உள்ளே கணப்பு. மழைத்துளிக்கு வில்லைப் போடாமல் விரலால் தந்தியைச் சுண்டுவார்கள். மூன்றாவதில் பனிக்கட்டிமேல் பயந்து பயந்து நடந்து வழுக்கி விழுவது. ராகம் தெரிய வேண்டியதில்லை, ஒரு ஜனவரி மாதம் இந்த ஊர் நடைபாதையில் நடந்தாலே போதும். அது அச்சேறிய 1725இல் இந்தக் கட்டடத்தில் இன்னும் கொத்து வேலை நடந்துகொண்டிருந்திருக்கும் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் ஞாபகம் வரும்.

ஒரே ஒரு விஷயம்தான் நமக்குக் கஷ்டம். பேசாமல் உட்கார்ந்திருப்பது. நம் கச்சேரியில் நல்ல பிடி ஒன்று விழுந்தால் "ஆஹா" என்போம், தொடையில் தாளம் போடுவோம், தனி ஆவர்த்தனம் வந்தால் எழுந்து காபிக்குப் போவோம். இங்கே இரண்டு பகுதிக்கு நடுவில் வரும் இடைவெளியில்கூடக் கைதட்டக் கூடாது. இருமலைக்கூட அந்த இடைவெளிக்குச் சேர்த்து வைத்திருப்பார்கள். கைதட்டுவது பற்றி யாரோ முன்பே எச்சரித்திருந்ததால் நான் தட்டவில்லை. ஆனால் தாளம் போட்டேன். தொடையில் இல்லை, பெஞ்சு விளிம்பில், ஒரு விரலால். இங்கே பெஞ்சு ஒரே நீளப் பலகை. தட்டினால் வரிசை முழுக்கப் போகிறது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பாட்டி என் பக்கம் திரும்பவே இல்லை, கையுறையைக் கழற்றாமல் தன் கையை என் விரல்மேல் மெதுவாக வைத்து எடுத்தார். அவ்வளவுதான். இன்றைக்கும் இரண்டு கையையும் கோட் பைக்குள் போட்டுக்கொண்டுதான் கேட்கிறேன்.

டிக்கெட்டில் விலை குறைந்ததை எடுங்கள். தூண் மறைக்கும் இடம் என்று போட்டிருக்கும். காதுக்குத் தூண் மறைக்காது. பெஞ்சு கட்டைதான், ஸ்கார்ஃபை மடித்துக் கீழே போட்டுக்கொள்ளலாம். மதிய நேரக் கச்சேரிகளும் நடக்கும். பகலில் போனால் பலிபீடத்துக்குப் பின்னால் உள்ள கிழக்கு ஜன்னலைக் கவனியுங்கள். இரானில் பிறந்த ஷிராஸே ஹூஷியரி என்ற கலைஞர் 2008இல் செய்தது. வண்ணக் கண்ணாடி கிடையாது. நேர்க்கோட்டுக் கம்பிக் கட்டம் நடுவில் மட்டும் தண்ணீரில் கல் விழுந்த மாதிரி வளைந்து கிடக்கும்.

ஆனால் தம்பி, உங்கள் கேள்விக்குள் கச்சேரி மட்டும் இல்லை, தனிமையும் இருக்கிறது. கச்சேரி அதற்கு அரை மருந்துதான். ஐந்நூறு பேர் நடுவில் இரண்டு மணி நேரம் வாய் திறக்காமல் இருந்துவிட்டுத் தனியாகவே ரயில் ஏறுவீர்கள். அதனால்தான் பேச்சுகளுக்குப் போங்கள் என்கிறேன். ஊர் நடப்பிலிருந்து நம்பிக்கை, அகதிகள், ஏழ்மை வரைக்கும் பேசுவார்கள். அந்த மண்ணுக்கு அதில் பழக்கம் உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் டிக் ஷெப்பர்ட் என்ற பாதிரியார் சிப்பாய்களும் வீடில்லாதவர்களும் படுக்கக் கதவைத் திறந்துவிட்டார். 1960இல் சிறைப்பட்ட மாணவர்களைப் பற்றிச் செய்தி படித்து மனம் பொறுக்காமல் பீட்டர் பெனன்சன் என்ற வழக்கறிஞர் இங்கேதான் வந்து உட்கார்ந்து யோசித்தார். அடுத்த வருஷம் ஆம்னஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு பிறந்தது. பக்கத்துக் கட்டடம் தென்னாப்பிரிக்கத் தூதரகம். 1986இலிருந்து 1990 வரை, மண்டேலா சிறையிலிருந்து வெளியே வரும் வரைக்கும், அந்த நாட்டு நிறவெறி ஆட்சியை எதிர்த்து அதன் வாசலில் இரவு பகலாக மறியல் நடந்தது.

பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம் வரும். கையைத் தூக்குங்கள். நம் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு, எனக்கும் இருந்தது: கேள்விக்கு முன்னால் ஒரு முன்னுரை, அதற்கு முன்னால் தலைவருக்கு வணக்கம். அதெல்லாம் இங்கே செல்லாது. ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். வெளியே வரும்போது யாராவது "நல்ல கேள்வி" என்று சொல்லிப் பேச்சுக் கொடுப்பார்கள். இந்த ஊரில் அறிமுகமில்லாதவர் தானாக வந்து பேசுகிற இடங்கள் ரொம்பக் குறைவு.

அப்படியே கீழே நிலவறைக்கு இறங்குங்கள். செங்கல் வளைவுகளுக்குக் கீழே ஒரு கஃபே இருக்கிறது. தட்டை எடுத்து வரிசையில் நின்று வாங்க வேண்டும். மேசைக்குக் கீழே பார்த்தால் பழைய கல்லறைக் கற்கள்தான் தரை. முதல் தடவை நான் காலைத் தூக்கி வைத்துக்கொண்டே சூப் குடித்தேன். ஒருத்தர் பெயர்மேல் மிதிக்கலாமா என்று மனசு உறுத்தியது. எதிரில் இருந்தவரிடம் அதைச் சொன்னதில்தான் இந்த ஊரில் எனக்கு முதல் சிநேகிதி கிடைத்தாள்.

வழி சுலபம். டிஸ்ட்ரிக்ட் லைனில் எம்பாங்க்மென்ட் இறங்கி மேட்டில் ஏறி ஐந்தாறு நிமிஷம் நடங்கள், கோபுரம் தெரியும். கிளம்பும் முன் ரயில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சனி ஞாயிறுகளில் அந்த லைனில் அடிக்கடி பழுது வேலை நடக்கும்.