செருப்பு கழன்று விழுகிறது, என்ன பயிற்சி செய்யலாம்?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. கரையில் வலை பின்னுகிற வேலை. ஒரு மாதமாக வலது பாதத்தைத் தூக்க முடியவில்லை, நடக்கும்போது செருப்பு கழன்று விழுகிறது. டாக்டர் ‘ஃபுட் டிராப், முழங்கால் பக்கம் நரம்பு அழுந்தியிருக்கிறது, பயிற்சி செய்யுங்கள்’ என்றார். எண்ணெய் தேய்த்துச் சுடுமணல் ஒத்தடம் கொடுக்கிறோம். வேறென்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, பாம்பன்

பதில்: சகோதரி, அந்தச் சுடுமணலை இன்றே நிறுத்துங்கள். அவருக்குப் பாதத்தின் மேல்புறம் மரத்திருக்கும். கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டதே தெரியும்.

நானும் வலை பின்னும் வீட்டில் பிறந்து பிசியோதெரபி படித்தவள்தான். அப்பா வலையின் ஓரத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, குத்தவைத்தபடியே வெயில் ஏறும்வரை பின்னுவார். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் தடவினால் ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். பாதத்தைத் தூக்கும் நரம்பு அதைச் சுற்றித் தோலை ஒட்டியே ஓடுகிறது. மணிக்கணக்கில் குத்தவைத்தால் அங்கேதான் நசுங்கும். இனி முக்காலியில் உட்கார்ந்து பின்னட்டும், கால்மேல் கால் போட வேண்டாம்.

பாதம் தொங்கியே கிடந்தால் கெண்டைக்கால் இறுகிவிடும். அதனால் முதலில் அதை இளக்க வேண்டும். காலை நீட்டி உட்கார்ந்து, விரல்களுக்குக் கீழே உள்ளங்காலில் துண்டைக் கொடுத்து, இரு முனையையும் தன் பக்கம் இழுக்கட்டும். 30 விநாடி, 5 முறை, காலையும் மாலையும்.

அப்புறம் நாற்காலி. குதிகால் தரையில் இருக்க, பாதத்தின் முன்பக்கத்தைத் தூக்க வேண்டும். அசையவே இல்லையா? நீங்கள் கையால் தூக்கிவிடுங்கள். ஆனால் அவரும் அதே நேரம் தூக்க முயல வேண்டும், இறக்கும்போது மெல்லத் தாங்கி இறக்க வேண்டும். 10 முறை போதும், சோர்ந்தால் நிறுத்திவிடுங்கள். பாதத்தை வெளிப்பக்கம் திருப்புவதும் இப்படியே. தானாகத் தூக்க வந்த பிறகுதான் ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி அதன் இழுவைக்கு எதிராகத் தூக்கும் பயிற்சி. சுவரைப் பிடித்துக் குதிகாலில் நடப்பது அதற்கும் பிறகு.

மணலில் நடந்தால் பலம் வரும் என்பார்கள். இப்போது வேண்டாம். விரல் மணலில் சிக்கித் தடுக்கும், சிப்பி கீறினாலும் தெரியாது. பின்பட்டை வைத்த செருப்பு வாங்குங்கள், பாதம் தொங்காமல் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தினமும் இரவு பாதத்தை விளக்கடியில் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு காலும் பலமிழந்தாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

நரம்பிழை சிதைந்திருந்தால் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும், மாதக்கணக்கில் ஆகும். பெருவிரல் முதன்முதலாக அசைகிற நாளைக் காலண்டரில் குறித்து, அடுத்த முறை டாக்டரிடம் சொல்லுங்கள்.