டேங்க் இன்ஜின்: கேட்டதும் சொன்னதும்

கே: அண்ணா, டெண்டர் (கரியும் தண்ணீரும் சுமந்து பின்னால் வரும் தனி வண்டி) வைத்த நீராவி இன்ஜினையே லண்டன் புறநகர் ரயில்களிலும் ஓட்டியிருக்கலாமே? டேங்க் இன்ஜின் எதற்கு?

டெண்டரை முன்னால் தள்ளிக்கொண்டு ஓடினால் பாதை சரியாகத் தெரியாது, கரித்தூள் முகத்தில் அடிக்கும். அதனால் ஒவ்வொரு கடைசி ஸ்டேஷனிலும் டர்ன்டேபிள் என்ற சுழல்மேடையில் ஏற்றித் திருப்ப வேண்டும். அரை மணி நேரத்தில் முடிகிற ஓட்டத்துக்கு அது கட்டுப்படியாகாது. டேங்க் இன்ஜின் தண்ணீரையும் கரியையும் தன் உடம்பிலேயே சுமக்கும். எந்தப் பக்கமும் ஓடும். சுமையில் பெரும்பங்கு இயக்கு சக்கரங்கள் மேல் இறங்குவதால், புறப்படும்போது சக்கரம் அவ்வளவாக வழுக்காது.

கே: 1863இல் லண்டனில் திறந்த மெட்ரோபாலிட்டன் சுரங்க ரயில்பாதையில் புகையை எப்படிச் சமாளித்தார்கள்?

அரைகுறையாகத்தான். 1864இல் பேயர் பீகாக் கம்பெனி கட்டிய 4-4-0 (முன், இயக்கு, பின் சக்கரங்களின் எண்ணிக்கை) டேங்க் இன்ஜின்களில், வெளியேறும் நீராவியைக் குழாய் வழியாகப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டிக்குத் திருப்பி விட்டார்கள். நீராவி அடங்கியது. கரிப்புகை எங்கே போகும்? அது சுரங்கத்திலேயே சுற்றியது. தொட்டித் தண்ணீரும் கொதித்துப்போகும். அந்த வரிசையில் 23ஆம் எண் இன்ஜின் லண்டன் கோவென்ட் கார்டனில் உள்ள போக்குவரத்து அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது.

கே: லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனின் 'ஜாஸ்' ரயில் என்றால் என்ன? பாட்டுப் போடுவார்களா?

பாட்டெல்லாம் இல்லை! முதல் வகுப்புப் பெட்டியில் மஞ்சள் பட்டை, இரண்டாம் வகுப்பில் நீலப் பட்டை அடித்தார்கள். அந்த வண்ணத்தைப் பார்த்துச் சூட்டிய கேலிப்பெயர் அது. 1920இல் கிரேட் ஈஸ்டர்ன் ரயில்வேயிடம் மின்மயமாக்கப் பணமில்லை. எஃப்.வி. ரஸ்ஸல் என்பவர் நீராவியை வைத்தே ஒரு வழி கண்டார். மணிக்கு 24 ரயில்!

பிளாட்பாரத்தில் நடப்பதைக் கொஞ்சம் மனக்கண்ணில் பாருங்கள். ரயில் வந்து நிற்கிறது. இழுத்து வந்த இன்ஜின் முட்டுக்கட்டைப் பக்கம் மாட்டிக்கொள்கிறது. மறுமுனையில், குட்டித் தண்டவாளத்தில் காத்திருந்த இன்னொரு இன்ஜின் பின்னால் வந்து ஒட்டுகிறது. கப்ளிங் மாட்டி, பிரேக் குழாய் இணைத்து, நான்கே நிமிடத்தில் சிங்ஃபோர்டுக்கோ என்ஃபீல்டுக்கோ ரயில் கிளம்பிவிடும். அடைபட்டுக் கிடந்த இன்ஜின் அதன் வாலைப் பிடித்தபடியே வெளியே வந்து, அதே குட்டித் தண்டவாளத்தில் அடுத்த ரயிலுக்காக நிற்கும். என்னைக் கேட்டால், பிரிட்டிஷ் புறநகர் ரயிலின் உச்சம் எந்த இன்ஜினும் அல்ல, இந்த நான்கு நிமிடம்தான். முதலில் ஜாஸ் ரயில்களை இழுத்தவை குட்டி 0-6-0 டேங்குகள். பிறகு அதே ரயில்வேயின் பொறியாளர் ஹில் வடிவமைத்த என்7 வகை டேங்க் வந்து சேர்ந்தது.

கே: 'டெகாபாட்' பற்றிச் சொல்லுங்கள் சார்.

அரக்கன்! அதே கிரேட் ஈஸ்டர்னின் டேங்க் இன்ஜின்: 1902, பொறியாளர் ஜேம்ஸ் ஹோல்டன், பத்து இயக்கு சக்கரம், மூன்று சிலிண்டர். 30 நொடியில் மணிக்கு 30 மைல் வேகத்தைத் தொட முடியும் என்று காட்டவே கட்டினார்கள், மின்சார ரயில் கேட்டவர்களின் வாயை அடைக்க. காட்டியும் விட்டார்கள். ஆனால் அந்த எடையைத் தாங்கப் பாலங்களைப் பலப்படுத்த வேண்டியிருந்தது. 1906இல் அதையே டெண்டர் இன்ஜினாக மாற்றிவிட்டார்கள்.

கே: அப்படியானால் எக்ஸ்பிரஸுக்கும் டேங்க் போட்டிருக்கலாமே?

போட்டார்கள். 1927 ஆகஸ்டில் இங்கிலாந்தின் செவனோக்ஸ் ஊர் அருகே ஒரு 'ரிவர்' வகை 2-6-4 டேங்க் தடம் புரண்டு 13 பேர் இறந்தார்கள். பாதையும் மோசம், அதில் வண்டியும் வேகத்தில் ஆடியது. அந்த வகை முழுவதையும் டெண்டர் இன்ஜினாக மாற்றினார்கள்.

கே: ஜாஸ் பாதைகளில் நீராவி ஓட்டம் கடைசியாக எப்போது நின்றது?

சிங்ஃபோர்டு, என்ஃபீல்டு பாதைகளுக்கு 1960 நவம்பரில் மின்சாரம் வந்தது. என்7 வகையில் 134 இன்ஜின் இருந்தன, அதில் 69621 எண் இன்ஜின் மட்டும் உடைக்கப்படாமல் தப்பியது.