தம்பிக்காக இன்னொரு டாப்-அப் போடலாமா?

கேள்வி: கும்பகோணம் பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியை, 2012-ல் சேர்ந்தேன். அடிப்படைச் சம்பளம் 50,400. கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு மாதம் 9,000 போகிறது. பையன் எட்டாம் வகுப்பு. தம்பியின் கடைக்காக 4 வருடம் முன்பு 8 லட்சம் தனிநபர் கடன் வாங்கி, 2 வருடம் முன்பு டாப்-அப் (இருக்கும் கடன் மேலேயே கூடுதல் கடன்) போட்டு மறுபடி 8 லட்சமாக்கினேன். இப்போதும் கேட்கிறான். தவணை அதேதான் என்கிறது வங்கி. சக ஆசிரியை ஒருவர் மாதம் 5,000 யூலிப் (காப்பீடும் முதலீடும் சேர்ந்த திட்டம்) போடச் சொல்கிறார். என்ன செய்ய?

பதில்: டீச்சர், முதலில் உங்கள் சம்பளச் சீட்டு. அகவிலைப்படி, வாடகைப்படி எல்லாம் சேர்த்தால் 82,000 சொச்சம் வரும், ஊரும் தம்பியும் பார்ப்பது அதைத்தான். சிபிஎஸ் என்ற ஓய்வூதியப் பிடித்தம் மட்டும் கிட்டத்தட்ட 8,000 போகிறது, நீங்கள் எழுதியிருக்கும் சங்கக் கடன் 9,000, பிறகு வங்கித் தவணை 17,800. வீட்டுக்கு மிஞ்சுவது 47,000 பக்கம்.

"தவணை அதேதான்" என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் மாட்டிக்கொண்டீர்கள். 12% வட்டியில் 4 வருடமாக சுமார் எட்டரை லட்சம் கட்டியும் இன்னும் 5.36 லட்சம் பாக்கி நிற்கிறது, டாப்-அப் போடாமல் இருந்திருந்தால் அடுத்த வருடம் கடனே முடிந்திருக்கும். இப்போது மறுபடி 8 லட்சமாக்கினால் தம்பி கைக்குப் போவது 2.64 லட்சம். ஆனால் மீதி 36 தவணை 60 ஆகிவிடும், அதாவது கூடுதலாக 24 தவணை, 4.27 லட்சம். எட்டாம் வகுப்புப் படிக்கும் உங்கள் பையன் கல்லூரியில் சேரும்போதும் நீங்கள் கடைக்கே கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அதனால் வேண்டாம். வங்கி உங்கள் சீட்டைப் பார்த்துத்தான் கடன் தருகிறது, கடையைப் பார்த்து அல்ல. கடை ஓடினால் தம்பி தன் பெயரிலேயே வாங்கட்டும். மனசு கேட்கவில்லையென்றால் மாதம் 2,000 கையிலிருந்து கொடுங்கள், கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

யூலிப்பும் இப்போது வேண்டாம். 5 வருடம் எடுக்க முடியாது, முதல் வருடங்களில் கட்டணமும் பிடிப்பார்கள். 12% கடனை வைத்துக்கொண்டு அதில் ஏன் பணம் போட வேண்டும்? அந்த 5,000-ஐச் சேர்த்து வைத்து, முன்கூட்டிக் கட்ட அபராதம் உண்டா என்று வங்கியில் கேட்டுவிட்டு, அசலில் கட்டுங்கள். தம்பியிடம் வங்கி மறுத்துவிட்டது என்று பொய் சொல்ல வேண்டாம், கடன் கணக்கு அறிக்கையை எடுத்துப் போய் எதிரிலேயே உட்கார்ந்து காட்டுங்கள்.